கோச்சின் நேரத்தைத் தின்னும் நிர்வாக வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுவர் சிறுமியர் டீமுக்குப் பயிற்சி கொடுப்பவர்களிடம் பேசிப் பாருங்கள், மைதானத்தில் நிற்கும் ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி யாரும் அலுத்துக்கொள்ள மாட்டார்கள். அலுப்பெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான். யார் வருகிறார்கள், யார் வரவில்லை, ஜெர்சி என்ன அளவு, யாருடைய ஃபீஸ் பாக்கி, சனிக்கிழமை மேட்ச் எத்தனை மணிக்கு, மழை பெய்தால் என்ன செய்வது என்று ராத்திரி பதினொரு மணி வரை போன் அடித்துக்கொண்டே இருக்கும். இவர்களில் நிறையப் பேர் சம்பளம் வாங்காமல், சொந்த வேலையை முடித்துவிட்டு ஓடி வந்து நிற்பவர்கள். இந்தச் சுமையைக் குறைக்காவிட்டால் நல்ல கோச்சுகளை இழப்போம் என்பதுதான் என் கவலை.

என் கணிப்பில் இந்த வேலையில் பெரும்பகுதி நாமே உண்டாக்கிக்கொள்வது. ஒரே தகவலை நாலு இடத்தில் எழுதி வைக்கிறோம், ஒரே கேள்விக்கு இருபது வீட்டுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்கிறோம். கீழே சொல்லப்போகும் தவறுகள் எல்லாவற்றுக்கும் வேர் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதல் தவறு, நேரம் எங்கே போகிறது என்று பார்க்காமலேயே ஒரு ஆப்பைத் தேடிப் போவது. டீம்ஸ்னாப், ஸ்பாண்ட், ஹேஜா என்று டீம் நிர்வாகத்துக்கென்றே ஆப்கள் இருக்கின்றன, நல்ல ஆப்கள்தான். ஆனால் உங்கள் பிரச்சினை ஃபீஸ் வசூலா, வருகைக் கணக்கா, பெற்றோருக்குத் தகவல் போய்ச் சேராததா என்று தெரியாமல் ஒன்றை இறக்கினால், பாதிப் பெற்றோர் ஆப்பில் இருப்பார்கள், மீதிப் பேர் பழைய வாட்ஸ்அப் குரூப்பிலேயே இருப்பார்கள், நீங்கள் ரெண்டு இடத்திலும் ஒரே செய்தியைப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒரு வாரம் மட்டும், பயிற்சி தவிர டீமுக்காகச் செய்கிற ஒவ்வொரு வேலையையும் ஒரு தாளில் ஒரு வரியாகக் குறித்து வையுங்கள். எது அடிக்கடி வருகிறதோ அதை மட்டும் முதலில் சரி செய்யுங்கள். இன்னொன்று, புது முறையை சீசன் நடுவில் தொடங்காதீர்கள். சீசன் தொடங்கும் முன் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில், எல்லோரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே சேர்த்துவிடுவதுதான் சுலபம்.

ஒரே குரூப்பில் எல்லாம்

அதிக நேரத்தைத் தின்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு குரூப் இருக்கும். அதில் கோச் மேட்ச் நேரத்தைப் போடுவார். அதன் கீழே பதினைந்து பேர் கட்டைவிரல் காட்டுவார்கள், ஒருவர் பிறந்தநாள் வாழ்த்து சொல்வார், இன்னொருவர் காணாமல் போன தண்ணீர் பாட்டிலைப் பற்றிக் கேட்பார். மறுநாள் காலையில் மேட்ச் நேரம் எங்கேயோ மேலே போய்விட்டிருக்கும், ஆறு பேர் தனித்தனியாக "எத்தனை மணிக்கு?" என்று கேட்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. தேடி எடுக்க முடியாத இடத்தில் தகவலை வைத்தது நாம்.

இதற்குத் தீர்வு வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. அட்மின் மட்டும் எழுதக்கூடிய அறிவிப்பு குரூப் ஒன்று, பெற்றோர் தங்களுக்குள் பேசிக்கொள்ள இன்னொன்று என்று பிரித்துவிடுங்கள். அரட்டை குரூப்பில் நீங்கள் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டால் போதுமே என்று சிலர் நினைப்பார்கள், அதில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும், சேமிக்காதவர்களுக்குப் போகாது. அவர்கள் உங்களிடம் வந்து "எனக்கு வரவே இல்லையே" என்று சொல்லும்போதுதான் விஷயமே தெரியும்.

அறிவிப்பை எழுதுவதிலும் கவனம் வேண்டும். "நாளை வழக்கம்போல பயிற்சி" என்று எழுதினால் அந்த ஒரு வரியிலிருந்து நாலு கேள்வி முளைக்கும். கிழமை, தேதி, வந்து சேர வேண்டிய நேரம், ஆட்டம் தொடங்கும் நேரம், முடியும் நேரம், மைதானத்தின் வரைபட இணைப்பு, எந்த நிற ஜெர்சி என்று எப்போதும் ஒரே வரிசையில் எழுதுங்கள். ஒரு மாதிரியை போனில் சேமித்து வைத்துக்கொண்டு தேதியையும் இடத்தையும் மட்டும் மாற்றினால் போதும். தேதியை 04/05 என்று எழுதாதீர்கள், அது மே 4-ஆ ஏப்ரல் 5-ஆ என்று ஆளுக்கொரு விதமாகப் படிப்பார்கள். மாதத்தைப் பெயராகவே எழுதிவிடுவது நல்லது.

சீசன் முழுவதற்குமான அட்டவணையை படமாக எடுத்து அனுப்புவதும் தவறுதான். ஒரு மேட்ச் தள்ளிப் போனால் புதுப் படம், அடுத்த வாரம் இன்னொரு படம், கடைசியில் யார் போனில் எந்தப் படம் இருக்கிறதோ அதுவே அவர்களுக்கு அட்டவணை. பகிரப்பட்ட ஒரு காலண்டரில் போடுங்கள், வாராவாரம் வரும் பயிற்சியைத் திரும்ப வரும் நிகழ்வாக ஒரே முறை போட்டால் முடிந்தது. மாற்றம் வந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். ஆனால் வேறு நிறுவனத்தின் காலண்டரில் இணைப்பு வழியாகச் சந்தா செய்தவர்களுக்கு அந்த மாற்றம் தெரிய சில மணி நேரம் ஆகலாம். கடைசி நேர ரத்தை காலண்டரை நம்பி விடாமல் அறிவிப்பு குரூப்பிலும் போட்டுவிடுங்கள்.

மழைக்கு முன்கூட்டியே ஒரு விதி வையுங்கள். "பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை ரத்து என்று செய்தி வரவில்லையென்றால் பயிற்சி உண்டு" என்று சீசன் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், மேகம் கறுத்தவுடன் வரும் அழைப்புகள் பாதியாவது நின்றுவிடும்.

வருகையைக் கேட்கும் விதம்

"நாளை யார் யார் வருகிறீர்கள்?" என்று ஒவ்வொரு பயிற்சிக்கும் கேட்பது, கோச்சுகள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொள்ளும் வீண் வேலை. பயிற்சிக்கு வருவதுதான் வழக்கம், வராததுதான் விதிவிலக்கு. எனவே வராதவர்கள் மட்டும் சொன்னால் போதும் என்று மாற்றிவிடுங்கள். இருபது பதில் வர வேண்டிய இடத்தில் ரெண்டோ மூன்றோ வரும்.

மேட்ச்சுக்கு இது பொருந்தாது. ஆள் எண்ணிக்கை நிச்சயமாகத் தெரிந்தாக வேண்டும், ஆகவே அங்கே எல்லோரையும் கேட்கலாம், ஆனால் கடைசி நேரம் ஒன்றைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். வியாழன் இரவு 8 மணிக்குள் பதில் வராவிட்டால் அந்த மேட்ச்சுக்குத் தேர்வில் பெயர் இருக்காது என்று சொல்லி, அதன்படியே நடங்கள். கண்டிப்பு போலத் தோன்றும், ஆனால் பதில் சொல்லாத வீட்டுக்கெல்லாம் நீங்களே போன் போட்டுக்கொண்டிருந்தால், பதில் சொல்லத் தேவையில்லை என்று நீங்களே பழக்கிவிடுகிறீர்கள். ஒன்று மட்டும்: பெற்றோர் மறந்ததற்குக் குழந்தை தண்டனை அனுபவிக்கக் கூடாது என்று தோன்றும் சின்ன வயது டீம்களில், முதல் இரண்டு முறை டீம் மேனேஜர் ஒரு நினைவூட்டல் அனுப்பட்டும். அதையும் கோச் செய்ய வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் இருக்கும் வாக்கெடுப்பு (poll) வசதி இதற்குக் கைகொடுக்கும். ஆனால் சீசன் முழுவதற்குமான வருகைப் பதிவை அதிலிருந்து எடுத்துத் தொகுப்பது பெரும்பாடு. யார் எத்தனை பயிற்சிக்கு வந்தார்கள் என்பது உண்மையிலேயே உங்களுக்கு வேண்டுமென்றால், பயிற்சி தொடங்கிய முதல் ஐந்து நிமிடத்தில், பிள்ளைகள் வார்ம்-அப் செய்யும்போது, உதவி கோச் ஒருவர் போனில் இருக்கும் கூகுள் ஷீட்டில் டிக் போட்டுவிடட்டும். வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதுவது நேர விரயம், தப்பும் வரும்.

விண்ணப்பமும் ஷீட்டும்

ஒவ்வொரு சீசனும் வெற்றுப் படிவம் ஒன்றைக் கொடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரப்பச் சொல்வது இன்னொரு தவறு. கூகுள் ஃபார்மில் முன்பே நிரப்பிய இணைப்பை உருவாக்கும் வசதி இருக்கிறது. டீமின் பெயர், வயதுப் பிரிவு போல எல்லோருக்கும் பொதுவானதை நிரப்பியே அனுப்பலாம். பழைய பிள்ளைகளுக்கு "போன வருடம் கொடுத்ததில் ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று மட்டும் கேட்கலாம். பிறந்த தேதியை எழுத்தாகக் கேட்காமல் தேதிக் கேள்வியாகவே வையுங்கள், வயதுப் பிரிவின் கட்-ஆஃப் தேதியோடு ஒப்பிட, பதில்கள் வந்து சேரும் ஷீட்டே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். பிறப்புச் சான்றிதழைப் பதிவேற்றச் சொல்வதாக இருந்தால், கூகுள் கணக்கு இல்லாதவர்களால் அந்தப் படிவத்தை நிரப்பவே முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

போன் எண் விஷயம் சின்னதுதான், ஆனால் அவசரத்தில் மாட்டிக்கொள்வோம். ஷீட்டில் எண்ணை அப்படியே தட்டினால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும், கூட்டல் குறியோடு தொடங்கினால் அதைச் சூத்திரம் என்று எடுத்துக்கொள்ளும். அந்த நெடுவரிசையை முதலிலேயே வெறும் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

மிக முக்கியமாக, மூலப் பட்டியல் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஜெர்சிக்கு ஒரு பட்டியல், ஃபீஸுக்கு ஒன்று, போட்டிக்குப் பெயர் கொடுக்க ஒன்று என்று தனித்தனியாகத் தட்டினால், ஒரே பிள்ளையின் பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும். போட்டி நடத்துபவர் அடையாள அட்டையோடு ஒப்பிடும்போது அது வீண் தலைவலி.

இந்த ஷீட்டை "இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்" என்று திறந்து வைப்பது வேலையைக் குறைப்பது போலத் தெரியும், தயவுசெய்து செய்யாதீர்கள். அதில் குழந்தைகளின் பிறந்த தேதி, வீட்டு முகவரி, உடல்நல விவரம் எல்லாம் இருக்கிறது. தேவையானவர்களின் மின்னஞ்சலைச் சேர்த்து அவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். தேவையில்லாத விவரத்தைக் கேட்காமலே விடுவது இன்னும் நல்லது.

ஃபீஸைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மைதானத்தில் நின்று கோச் பணம் வாங்கக் கூடாது. வேறொருவர் வசூலிக்கட்டும், கணக்கில் செலுத்துபவர்கள் குறிப்பில் பிள்ளையின் பெயரை எழுதட்டும், பாக்கி நினைவூட்டலை குரூப்பில் பெயர் போட்டு அனுப்பாமல் தனியாக அனுப்பட்டும். பணம் பாக்கியுள்ள வீட்டுப் பிள்ளையைப் பயிற்சியில் பார்க்கும்போது கோச்சுக்கு அந்த நினைப்பே வரக் கூடாது.

உங்கள் டீமே உள்ளூரில் ஒரு சின்னப் போட்டி நடத்துவதாக இருந்தால், அட்டவணையைக் கையால் போட்டுப் போட்டு அழிக்காதீர்கள். எல்லோரும் எல்லோரோடும் ஆடும் லீக் என்றால் 8 டீமுக்கு 28 மேட்ச், 7 சுற்று. நாக் அவுட் என்றால் அதே 8 டீமுக்கு 7 மேட்ச்தான். மைதானமும் நேரமும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு எந்த முறை என்று முடிவு செய்யுங்கள். லீக் அட்டவணைக்கு எளிய வழி: டீம்களை இரண்டு வரிசையாக எழுதி எதிரெதிரே இருப்பவர்களை மோதவிடுங்கள், அடுத்த சுற்றுக்கு முதல் டீமை மட்டும் அசைக்காமல் மற்றவர்களை ஒரு இடம் சுழற்றுங்கள். ஒற்றைப்படை எண்ணிக்கை என்றால் "ஓய்வு" என்று ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும்.

உதவி கேட்பது, குறைக்கக் கூடாதது

"யாராவது உதவி செய்ய முடியுமா?" என்று குரூப்பில் போட்டால் யாரும் வரமாட்டார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவர் செய்வார் என்று இருந்துவிடுவார்கள். வேலையைத் துண்டு போடுங்கள். "மேட்ச் நாளில் எதிர் டீம் கோச்சோடு நேரத்தை உறுதி செய்வது, சீசன் முடியும் வரை, வாரத்துக்குப் பத்து நிமிடம்" என்று எவ்வளவு நேரம் பிடிக்கும், எப்போது முடியும் என்பதையும் சேர்த்து, ஒரு குறிப்பிட்ட பெற்றோரிடம் நேரில் கேளுங்கள். கொடுத்த பிறகு கையை விட்டுவிடுங்கள். அவர் எழுதும் செய்தியை நீங்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால் வேலை குறையாது, இரட்டிப்பாகும்.

பிள்ளைகளுக்கே நேரடியாகச் செய்தி அனுப்பினால் வேகமாக முடியும் என்று சிலர் செய்கிறார்கள். இது வேண்டாம். குழந்தையோடு பெரியவர் ஒருவர் தனியாகச் செய்தி பரிமாறும் பழக்கமே டீமில் இருக்கக் கூடாது. வளர்ந்த பிள்ளைகளுக்கு அனுப்பியாக வேண்டுமென்றால் பெற்றோரும் இன்னொரு பெரியவரும் இருக்கும் குரூப்பில் அனுப்புங்கள்.

அதே போல, எவ்வளவு வேலையைக் குறைத்தாலும் சிலவற்றைத் தொடக் கூடாது. அவசரத் தொடர்பு எண், ஒவ்வாமை, ஆஸ்துமா இன்ஹேலர் யார் வைத்திருக்கிறார்கள் என்ற விவரம், யார் வந்து அழைத்துப்போக அனுமதி உண்டு என்பது. இவை போனில் மட்டும் இருந்தால் போதாது. பேட்டரி தீர்ந்துபோன நேரத்திலும், சிக்னல் இல்லாத மைதானத்திலும் அது உதவாது. ஒரு பக்கத் தாளில் அச்சிட்டு முதலுதவிப் பெட்டியில் மூடிய உறையில் வையுங்கள். அடிபட்டால், குறிப்பாகத் தலையில் அடிபட்டால், பிள்ளையை உடனே ஆட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டு, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யாரிடம் சொன்னோம் என்று அன்றைக்கே நாலு வரி எழுதிவிடுங்கள்.

கடைசியாக, இதையெல்லாம் உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளாதீர்கள். டீம் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி ஃபார்ம், ஷீட், காலண்டர் மூன்றையும் அதில் வையுங்கள், கடவுச்சொல் உங்களோடு இன்னொருவரிடமும் இருக்கட்டும். அடுத்து வருபவருக்கு அந்தக் கணக்கைக் கொடுத்தால் போதும். சீசன் முடிந்ததும், டீமை விட்டுப் போன பிள்ளைகளின் விவரத்தில் சங்கமோ லீக்கோ வைத்திருக்கச் சொல்வது போக மீதியை நீக்கிவிடுங்கள், உறையில் இருக்கும் பழைய தாளையும் கிழித்துவிட்டுப் புதியதை வையுங்கள்.