ஆல் டெரெய்ன் டயர் வாங்கப் போகிறீர்களா? பட்டனைக் கடைசியில் பாருங்கள்

பிக்கப் வண்டிக்கு டயர் மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் பட்டனைத்தான், அதாவது டயர் தரையில் படும் பகுதியில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளைத்தான் பார்க்கிறார்கள். பட்டன் எவ்வளவு பெரிசு, நடுவில் பள்ளம் எவ்வளவு அகலம், தள்ளி நின்று பார்த்தால் வண்டிக்கு முரட்டுக் களை வருகிறதா, அவ்வளவுதான். தயவுசெய்து அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதுதான் அந்த டயரின் ஜாதகம், அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் தடவை நான் ஏடி எனப்படும் ஆல் டெரெய்ன் டயர், அதாவது தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர் வாங்கியபோது பட்டனைப் பார்த்துத்தான் வாங்கினேன். நல்ல ஆழம், ஓரத்தில் கனமான கட்டைகள், சேற்றில் போட்டால் உறுமிக்கொண்டு ஏறும். மூன்றாவது மாதம், பின்னால் முழு லோடு, உடைத்துக் கொட்டிய கருங்கல் ஜல்லிப் பாதை, மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கல் பக்கவாட்டில் உரசி ஏறியது, புஸ்ஸென்று ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் கட்டைவிரல் அகலத்துக்கு வெட்டு, ரப்பருக்குள்ளே நூல் இழைகள் வெள்ளையாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. பட்டன் அப்படியே புதுசு. பட்டன் பகுதியில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம், பக்கவாட்டு வெட்டுக்கு ஒட்டு கிடையாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பிறகு எழுத்தைப் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது கார் வகைக் கட்டுமானத்தில் செய்த டயர், முகம் மட்டும்தான் முரடு.

சரி, எங்கிருந்து தொடங்குவது? வண்டி எங்கே ஓடுகிறது என்ற கணக்கிலிருந்து. கடந்த மூன்று மாதம் ஓடிய கிலோமீட்டரை மனதில் ஓட்டிப் பாருங்கள். நூறில் எத்தனை தார்ச்சாலை, எத்தனை ஜல்லியும் மண்ணும், எத்தனை சேறு, எத்தனை மணல்? ஆசைப்படும் பயணங்களைச் சேர்க்காதீர்கள், போய்வந்த பயணங்களை மட்டும் சேருங்கள். தொண்ணூற்றைந்து தார் என்றால் எச்டி எனப்படும் ஹைவே டயரே போதும், மழையில் பிரேக் அடித்தால் அதுதான் சீக்கிரம் நிற்கும், சத்தமும் குறைவு, டீசலும் மிச்சம். பாதிக்கு மேல் ஆழமான சேறு என்றால் எம்டி எனப்படும் மட் டயர். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பெரிய பரப்புதான் ஏடி, அந்தப் பரப்புக்குள்ளேயே மென்மையானதும் உண்டு, முரடும் உண்டு. யோகோஹாமா ஜியோலாண்டர் ஜி015 மாதிரி டயர் சாலைப் பக்கம் சாய்ந்தது, பிஎஃப்குட்ரிச் கேஓ2 மாதிரி டயர் கல்லும் முள்ளும் உள்ள பக்கம் சாய்ந்தது. பெயர் இரண்டுக்கும் ஆல் டெரெய்ன்தான். அதனால் "ஏடி நல்லதா" என்று கேட்பதில் பயனில்லை, எந்த ஏடி என்று கேளுங்கள்.

இனி பக்கவாட்டு எழுத்து. 265/70 ஆர்17 115 டி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கவாட்டின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் ரேடியல், 17 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 115 என்பது எடைக் குறியீடு, ஒரு டயர் 1215 கிலோ தாங்கும் என்று பொருள். கடைசி எழுத்து வேகம்: டி என்றால் 190 கிமீ, எஸ் 180, ஆர் 170, க்யூ 160. அந்த வேகத்தில் போகச் சொல்லவில்லை, உங்கள் வண்டிக்குத் தயாரிப்பாளர் சொல்லியிருக்கிற எழுத்தைவிடக் குறைந்த வேக எழுத்தாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அளவுக்கு முன்னால் எல்டி என்ற இரண்டு எழுத்து இருக்கிறதா என்பதுதான் என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் விட முக்கியம். எல்டி என்றால் சரக்கு ஏற்றும் இலகு வண்டிக்கென்று கட்டிய டயர். உள்ளே நூல் அடுக்கு கனம், பக்கவாட்டு தடிமன், பட்டனும் பொதுவாக ஆழம். அந்த எழுத்து இல்லை, அல்லது முன்னால் பி என்று இருக்கிறது என்றால் அது கார் வகை. கார் வகை கெட்டது என்று சொல்ல மாட்டேன். எடை குறைவு, மெத்தென்று ஓடும், லோடு ஏற்றாமல் தினமும் சாலையில் ஓடும் வண்டிக்கு அதுதான் சரி. ஆனால் அதைப் பிக்கப்பில் போடும்போது அச்சிட்ட எடையை அப்படியே நம்பக் கூடாது. அமெரிக்க விதிப்படி பி வகையின் எடையை 1.1-ஆல் வகுக்க வேண்டும், அதாவது 1215 கிலோ என்பது சுமார் 1105 கிலோவாக இறங்கிவிடும். இந்தக் கணக்கை எல்லா ஊரிலும் போட்டுப் பார்ப்பது நல்லது, வண்டியின் ஆட்டமும் லோடும் எங்கேயும் ஒன்றுதான்.

எல்டியிலும் தரம் உண்டு. லோடு ரேஞ்ச் சி, டி, இ என்று போட்டிருப்பார்கள், இவற்றைப் பழைய வழக்கில் 6 பிளை, 8 பிளை, 10 பிளை என்றும் சொல்வார்கள். உள்ளே பத்து அடுக்கு நூல் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள், பருத்தி நூல் காலத்துப் பலத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடு அது. இந்த அளவு டயர்களில் முழு எடையைத் தாங்க வேண்டிய காற்றழுத்தம் சி-க்கு 50 பிஎஸ்ஐ, டி-க்கு 65, இ-க்கு 80. அதே 265/70 ஆர்17 அளவை எல்டி இ ரேஞ்சில் எடுத்தால் 121/118 என்று இருக்கும், ஒற்றை டயராக 1450 கிலோ, பின்னால் இரட்டையாகப் போட்டால் ஒவ்வொன்றும் 1320 கிலோ. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் லோடே ஏற்றாத வண்டியில் இ ரேஞ்ச் போட்டால் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் தெரியும், டயரின் எடையும் கூடும், மைலேஜும் இறங்கும். கல் பாதையில் அடிக்கடி ஓடுகிறவர், டிரெய்லர் இழுக்கிறவர், பின்னால் எப்போதும் லோடு வைத்திருப்பவர், இவர்களுக்குத்தான் அது. நடுவில் இருப்பவர்களுக்கு சி ரேஞ்ச் கிடைத்தால் அதைவிடப் பொருத்தமானது இல்லை, கிடைப்பதுதான் கொஞ்சம் கஷ்டம்.

இங்கே நிறையப் பேர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. கார் வகையிலிருந்து எல்டிக்கு மாறிய பிறகும் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கிற 35 பிஎஸ்ஐயையே அடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். அதே அழுத்தத்தில் எல்டி டயர் கார் வகையை விடக் குறைவான எடையைத்தான் தாங்கும். தடித்த டயர்தானே, காற்று குறைந்தாலும் தாங்கிவிடும் என்று தோன்றும், அது நேர்மாறு. காற்று போதாமல் லோடோடு ஓடினால் பக்கவாட்டு மடங்கி மடங்கி சூடேறி, டயர் பிளந்துவிடும். டயர் நிறுவனங்கள் எடைக்கு எத்தனை காற்று என்று அட்டவணை வைத்திருக்கின்றன, வாங்கும்போதே உங்கள் அளவுக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஒரு சாக்பீஸை எடுத்து பட்டன்மேல் குறுக்காக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு கோடு தடிமனாகப் போட்டு, சமமான தரையில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டி இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரம் மட்டும் அழிந்திருந்தால் காற்று குறைவு, முழுக்க ஒரே மாதிரி மங்கியிருந்தால் சரி. காலி வண்டியில் ஒரு தடவை, லோடோடு ஒரு தடவை. அட்டவணை சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே மட்டும் சாக்பீஸை நம்பி இறங்காதீர்கள்.

தயாரித்த தேதியும் பக்கவாட்டில்தான். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். முழு வரிசை டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதுண்டு, தெரியவில்லை என்றால் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். ஏடி டயர் மெதுவாகத் தேய்கிறது என்பதால் வயசு பட்டனுக்கு முன்னால் முடிந்துவிடும் வாய்ப்பு அதிகம், ஆகவே ஏற்கெனவே இரண்டு மூன்று வருடம் கிடந்த டயரை வாங்காதீர்கள். பனி பெய்யும் பகுதியில் ஓட்டுகிறவர்கள் சேறு, பனி என்பதைக் குறிக்கும் எம்+எஸ் எழுத்தோடு நின்றுவிட வேண்டாம், அது பட்டன் அமைப்பைப் பார்த்துப் போடுவது. மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் வரைந்த சின்னம்தான் பனியில் சோதித்துக் கொடுப்பது.

அளவை ஏற்றலாமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 265/70 ஆர்17 டயரின் மொத்த உயரம் சுமார் 803 மிமீ, 285/70 ஆர்17 சுமார் 831 மிமீ. வித்தியாசம் 28 மிமீ, ஆனால் வண்டி தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, 14 மிமீ, ஒரு விரல் அகலம்கூட இல்லை. அதற்குப் பதிலாக நீங்கள் கொடுப்பது என்னென்ன? ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 103-க்கு மேல் ஓடுகிறீர்கள், சக்கரம் கனமாகி இழுவை மந்தமாகிறது, பிரேக்குக்கு வேலை கூடுகிறது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டு உறையிலோ சேசிஸிலோ உரசலாம். உரசுகிறதா என்று சமதரையில் நின்று பார்த்தால் தெரியாது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவைத்து, ஒரு முன்சக்கரம் மேட்டில் ஏறி அமுங்கும்படி மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள், யாராவது ஒருவர் குனிந்து பார்க்கட்டும், பிறகு மறு பக்கம். பாறை ஏறும் வேலை இல்லாதவர்களுக்குக் கம்பெனி கொடுத்த அளவே போதும் என்பதுதான் என் கருத்து. புது அளவு ரிம்மின் அகலத்துக்குப் பொருந்துமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பட்டனுக்கு வரலாம். புது ஏடி டயரில் ஆழம் பெரும்பாலும் 10-லிருந்து 15 மிமீ வரை இருக்கும். ஆழத்தைவிட நான் முதலில் பார்ப்பது பட்டன்மேல் பிளேடால் கீறிய மாதிரி இருக்கிற மெல்லிய கீற்றுகளை. ஈரச் சாலையில் பிடிமானம் கொடுப்பவை அவைதான். ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து கீற்றுக்குள் செருகிப் பாருங்கள். பள்ளத்தின் அடி வரை இறங்கினால் நல்லது. பாதியில் நின்றுவிட்டால் டயர் பாதி தேய்ந்ததும் கீற்று மறைந்துவிடும், அதன் பிறகு மழையில் அது வேறு டயர். அடுத்து, பள்ளங்களின் அடியில் சின்னச் சின்னத் திட்டுகள் இருக்கின்றனவா பாருங்கள், சிக்கும் கல்லை வெளியே தள்ளுவதற்கு வைத்தவை. இல்லாவிட்டால் ஜல்லிப் பாதை முடிந்து தார்ச்சாலை ஏறியதும் டக் டக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே வரும், கல் மெல்லமெல்ல ரப்பரைத் துளைக்கவும் செய்யும். ஓரக் கட்டைகள் பக்கவாட்டுக்கும் இறங்கியிருந்தால் சேற்றுத் தடத்திலிருந்து ஏற உதவும், கல் உரசலையும் கொஞ்சம் தாங்கும். சத்தத்துக்கு ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன்: டயரைச் சுற்றிப் பார்த்தால் பட்டன்களின் நீளம் ஒன்றுக்கொன்று லேசாக மாறிமாறி வர வேண்டும். எல்லாம் ஒரே அளவு என்றால் 80 கிமீ வேகத்தில் ஒரே சுருதியில் ஊளையிடும், நாள் முழுக்க ஓட்டுகிறவருக்குத் தலைவலி.

மணலில் போகிறவர்களுக்கு ஒன்று: பட்டனைவிடக் காற்றைக் குறைப்பதுதான் அங்கே காப்பாற்றும், 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் பரந்து மேலே மிதக்கும். இ ரேஞ்ச் விறைப்பு என்பதால் இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும். மெதுவாக ஓட்டி, சாலை ஏறும் முன் மறுபடி காற்றடிக்க கம்ப்ரசர் கையோடு இருக்க வேண்டும்.

நான்கையும் ஒரே மாதிரியாக, ஒரே சமயத்தில் மாற்றுங்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன்னும் பின்னும் உயரம் வேறுபட்டால் கியர்பெட்டியும் டிஃபரென்ஷியலும் அதைச் சுமக்க வேண்டிவரும். மாட்டியதும் வீல் அலைன்மென்ட், பேலன்சிங், 100 கிமீ ஓடியபின் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் இறுக்குவது, 8000 கிமீக்கு ஒரு தடவை டயர்களை முன்பின் மாற்றுவது, இவற்றை விட்டுவிட்டால் ஏடி டயரின் பட்டன் ஒழுங்கில்லாமல் மேடும் பள்ளமுமாகத் தேயும், பிறகு சத்தத்தை எதுவும் குறைக்காது.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். அளவை மாற்றியிருந்தால் அதுவும் அதே அளவில் வேண்டும், பழைய சின்ன டயர் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தால் வேண்டிய நேரத்தில் உதவாது. பெரும்பாலான பிக்கப்பில் ஸ்டெப்னி பெட்டிக்கு அடியில், சங்கிலியில் தொங்கும், பெரிய டயர் அந்த இடத்துக்குள் நுழையாமல் சைலன்சர் குழாயிலோ பம்பரிலோ முட்டுவதுண்டு. டயர் கடையிலேயே ஒன்றைக் கீழே ஏற்றி, இறுக்கி, மறுபடி இறக்கிப் பார்த்துவிட்டு, ஜாக்கி புது உயரத்துக்கு எட்டுகிறதா என்றும் சோதித்துவிட்டு வண்டியை எடுங்கள்.