காது மெஷின் போட்ட குழந்தை உங்கள் வகுப்பில் இருந்தால்

ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்கும் டீச்சர்கள் கவனத்துக்கு. மெஷின்தான் மாட்டியிருக்கிறதே, கேட்டுவிடும் என்று விட்டுவிடாதீர்கள், பேட்டரி தீர்ந்துபோனதைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. காலையில் அட்டெண்டன்ஸ் எடுத்ததும் குழந்தையைப் பக்கத்தில் கூப்பிட்டு, உதடு தெரியாதபடி ஒரு காகிதத்தை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற 6 ஒலிகளையும் வரிசை மாற்றி, இடைவெளி விட்டுச் சொல்லுங்கள், கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னால் சரி. லிங் டெஸ்ட் என்று பெயர், அதிக நேரம் பிடிக்காது. நேற்று வரை வந்த ‘ஸ்’ இன்று வரவில்லையா, முதலில் பேட்டரியையும் காதுக்குள் வைக்கும் மோல்டில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், அப்போதும் சரியாகாவிட்டால் அன்றைக்கே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் இடம். மெஷின் ஒன்றிரண்டு மீட்டருக்குள்தான் நன்றாக எடுக்கும், ஃபேன் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். அதனால் முன்வரிசை, தெருப்பக்க ஜன்னலிலிருந்து தள்ளி. போர்டைப் பார்த்துக்கொண்டே பாடம் சொல்ல வேண்டாம், எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். பின்பெஞ்சிலிருந்து யாராவது பதில் சொன்னால் அதை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், என்னைக் கேட்டால் இதுதான் ரொம்ப முக்கியம், பாதிப் பாடம் அந்தப் பதில்களில்தானே நடக்கிறது. “புரிஞ்சுதா?” என்றால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். “இப்ப என்ன செய்யணும், சொல்லு” என்று கேளுங்கள்.