பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலிக்கன் பிரசங்கத்தை வரலாற்று ஆவணமாக வாசிப்பது எப்படி?

அக்காலத்து இங்கிலாந்துத் திருச்சபைக் குருவின் அச்சிட்ட பிரசங்கம் ஒன்றை முதன்முதலில் கையில் எடுப்பவர், நேராக வேதவசனத்துக்கும் அதன் விளக்கத்துக்கும் சென்று, பத்துப் பக்கங்களுக்குள் சலித்து மூடிவைப்பதே வழக்கம். வாசிக்கும் வரிசையை மாற்றிக்கொண்டால் இந்தச் சலிப்பு நீங்கும். முதலில் தலைப்புப் பக்கத்தையும், அடுத்து இறுதிப் பக்கங்களையும் வாசித்துவிட்டு, அதன் பின்னரே நடுப்பகுதிக்கு வர வேண்டும்.

தலைப்புப் பக்கத்தில் முதலில் கவனிக்க வேண்டியது தேதி. ஜனவரி 30 என்றிருந்தால், அது 1649இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை துண்டிக்கப்பட்டதை நினைவுகூரும் நாள். மே 29, 1660இல் மன்னராட்சி மீண்டதைக் கொண்டாடும் நாள். இந்நாட்களுக்கெனத் தனி வழிபாட்டு முறைகள், திருச்சபையின் வழிபாட்டு நூலான பொது ஜெபப் புத்தகத்துடன் சேர்த்தே அச்சிடப்பட்டிருந்தன. ஆகவே குரு அரசியல் பேசினார் என்றால் எல்லை மீறினார் என்று பொருளல்ல, நாட்காட்டியே அவரிடம் அதைக் கேட்டது. இன்னொரு எச்சரிக்கையும் தேவை: 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25ஆம் தேதியில். எனவே 1709 ஜனவரி என்று அச்சாகியிருப்பது நம் கணக்கில் 1710ஆக இருக்கலாம். இதைத் தவறவிட்டு, ஒரு நிகழ்வுக்குப் பின் எழுந்த பிரசங்கத்தை அதற்கு முன் வைத்துவிடுவது எளிது.

நவம்பர் 5 இன்னும் சிக்கலான நாள். 1605இல் நாடாளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்கும் சதி பிடிபட்டதும், 1688இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரை அகற்றி அரியணையேறவிருந்த ஆரஞ்சு இளவரசர் வில்லியம் படையுடன் இங்கிலாந்தில் கரையிறங்கியதும் இதே நாளில்தான். இந்த 1688இன் புரட்சியைப் போற்ற வேண்டும் என்பது, அதை ஆதரித்த விக் கட்சியினரின் எதிர்பார்ப்பு. 1709இல் ஹென்றி சச்செவெரல் என்ற குரு லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில், நகர மேயர் முன்னிலையில், கள்ளச்சகோதரரால் வரும் மோசங்களைப் பற்றிய பவுலின் வசனத்தை எடுத்துக்கொண்டு, மன்னரை எதிர்ப்பது எந்நிலையிலும் தகாது என்று முழங்கினார். திருச்சபைக்கு வெளியே நின்ற டிசென்டர்களையும் அவர்களுக்கு இடங்கொடுத்தவர்களையும் சாடினார். நாளை அறியாமல் இதை வாசித்தால் வெறும் கோபப் பேச்சாகத் தோன்றும். அறிந்து வாசித்தால், புரட்சியின் பிறந்தநாளிலேயே புரட்சியின் நியாயத்தை மறுத்த துணிச்சல் புலப்படும். நாடாளுமன்றத்தின் மக்கள் சபை அவர்மீது குற்றம் சாட்டியது. விசாரணை நடந்த 1710 மார்ச் முதல் நாள் இரவில், அவரை ஆதரித்த கூட்டம் லண்டனில் டிசென்டர்களின் வழிபாட்டு இல்லங்களைச் சூறையாடியது. பிரபுக்கள் சபை 69க்கு 52 என்ற வாக்குகளில் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்து, மூன்றாண்டுகள் பிரசங்கிக்கத் தடை விதித்து, அச்சான அந்தப் பிரசங்கத்தை எரிக்க ஆணையிட்டது. தண்டனை மென்மையானது என்பதே பரவலான எண்ணம்; அவ்வாண்டுத் தேர்தலில், விக்குகளின் எதிர்க்கட்சியினரான டோரிகள் பெருவெற்றி பெற்றனர்.

தேதிக்கு அடுத்தபடி, யார் முன்னிலையில் பேசப்பட்டது, யார் கேட்டதால் அச்சாயிற்று என்பவற்றைப் பாருங்கள். ஊர் ஊராகச் சென்று வழக்கு விசாரிக்கும் சுற்று நீதிபதிகள் முன்னிலையில் சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் உள்ள உறவும், தர்மப் பள்ளிக்கான கூட்டத்தில் காணிக்கையும், அரசு அறிவித்த உபவாச நாளில் போர் அல்லது பேரிடரும் பேசுபொருளாகும். ‘வேண்டுகோளின்படி வெளியிடப்பட்டது’ என்ற வாசகத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். சச்செவெரலின் பிரசங்கத்தை அச்சிடுமாறு வழக்கமாகக் கேட்டுக்கொள்ளும் லண்டன் நகர மன்றத்தினர் அம்முறை கேட்கவில்லை; ஆனாலும் அது மேயருக்குச் சமர்ப்பணத்துடன் வெளிவந்தது.

பிரசங்கியின் பதவி வரலாற்றையும் அருகில் குறித்துக்கொள்ளுங்கள். வேல்ஸிலுள்ள பாங்கர் மறைமாவட்டத்தின் பேராயர் (பிஷப்) பெஞ்சமின் ஹோட்லி 1717 மார்ச் 31 அன்று முதலாம் ஜார்ஜ் மன்னரின் முன், “என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல” என்ற வசனத்திலிருந்து, மனச்சாட்சியின் மீது திருச்சபைக்கு ஆட்சியுரிமை இல்லை என்று வாதிட்டார். எதிர்ப்புத் துண்டுநூல்கள் குவிந்தன. அவரைக் கண்டிக்க முனைந்த குருமார் பேரவையை அரசு ஒத்திவைக்க, அடுத்த ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது பெயரளவிலேயே நீடித்தது. ஹோட்லியோ 1721இல் ஹெரிஃபோர்டு, 1723இல் சாலிஸ்பரி, 1734இல் வின்செஸ்டர் என்று வருமானம் மிகுந்த மறைமாவட்டங்களுக்கு ஏறிச் சென்றார். பேராயர்களை நியமித்தது அரசு. அவர்கள் வாக்களித்தது பிரபுக்கள் சபையில். அதற்காக ஒவ்வொரு வாதத்தையும் பதவி ஆசை என்று ஒதுக்குவதும் சோம்பேறித்தனமே. ஹோட்லி தாம் சொன்னதை நம்பினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சாதாரண ஊர்க் குருவின் பிரசங்கமாயின், சொற்கள் அவருடையவைதானா என்றும் கேளுங்கள். டில்லட்சன் போன்ற புகழ்பெற்ற பிரசங்கிகளின் அச்சுப் பிரசங்கங்களை எடுத்துப் படிப்பது இழிவாகக் கருதப்படவில்லை. அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் தம் நண்பரான குரு ஒருவருக்காகப் பிரசங்கங்கள் எழுதிக் கொடுத்தார். ஜான் டிரஸ்லர் என்ற குரு 1769இல், கையெழுத்தைப் போன்ற எழுத்துருவில் பிரசங்கங்களை அச்சிட்டு ஒரு ஷில்லிங்குக்கு விற்கும் திட்டத்தை அறிவித்தார்; சபையார் எட்டிப் பார்த்தாலும் குருவே எழுதியதாகத் தோன்றும் என்பதே அதன் வசதி.

இறுதிப் பக்கங்களை முன்னதாக வாசிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வசனத்தைப் பிரித்து விளக்கும் பகுதி பெரும்பாலும் மரபு வழியே செல்லும். வந்திருப்போர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் முடிவில்தான் அந்த ஆண்டின் செய்தி வெளிப்படும்.

பயிற்சிக்கு 1793 ஜனவரி 30 அன்று பேராயர் சாமுவேல் ஹார்ஸ்லி வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் பிரபுக்கள் முன் ஆற்றிய பிரசங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். பிரான்சில் பதினாறாம் லூயியின் தலை வீழ்ந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. பிரான்ஸ் பிரிட்டன்மீது போர் அறிவிக்க இன்னும் இரண்டு நாட்கள் இருந்தன. அவர் சார்லஸைப் பற்றிப் பேசும் இடங்களை ஒரு நிறத்திலும் லூயியைப் பற்றிப் பேசும் இடங்களை இன்னொரு நிறத்திலும் கோடிட்டு, எந்தப் பக்கத்தில் நிறம் மாறுகிறது என்று பாருங்கள்.