சுவருக்குள் நீர் எங்கே கோக்கும்? வெப்பம், காற்று, ஈரம் மூன்றையும் கணினியில் கணக்கிடத் தொடங்குவது எப்படி

சுவரின் மேற்பரப்பில் பூசணம் படிந்தால் கண்ணுக்குத் தெரியும். சுவரின் நடுவில், காப்புப் பொருளுக்கும் செங்கல்லுக்கும் இடையே நீர் கோத்துக்கொண்டால் பல காலம் எவருக்கும் தெரியாது. அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க மென்பொருள்கள் உண்டு. ஆனால் அவற்றைத் திறந்த முதல் நாளே ஏதோ ஒரு விடை வந்துவிடும், அழகான வண்ணக் கோடுகளோடு. அது சரியா தவறா என்று சொல்லத் தெரியாத நிலையில்தான் பலர் நிற்கிறார்கள். ஆகவே முதல் சுவரை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள் என்பது என் கட்சி. எக்செல், பிறகு பைதான், இவை போதும். வெப்பக் கடத்துத்திறன் என்றால் என்ன என்பதிலிருந்து நான் தொடங்கப் போவதில்லை.

படி 1: எக்செல்லில் ஒரு குளிர்கால இரவு

உள்ளிருந்து வெளியே மூன்று அடுக்குகள்: 12.5 மி.மீ. ஜிப்சம் பலகை, 100 மி.மீ. கண்ணாடிக் கம்பளி, 100 மி.மீ. செங்கல். கடத்துத்திறன்கள் முறையே 0.2, 0.04, 0.8. உள்ளே 20 பாகை, 50 சதவீத ஈரப்பதம். வெளியே 0 பாகை, 80 சதவீதம். உள் மேற்பரப்புத் தடை 0.13, வெளி மேற்பரப்புத் தடை 0.04 என்று கொண்டால் மொத்த வெப்பத்தடை 2.86 வருகிறது, சதுர மீட்டருக்கு 7 வாட் வெப்பம் வெளியேறுகிறது. கம்பளியும் செங்கல்லும் சந்திக்கும் இடத்தில் வெப்பநிலை 1.15 பாகை மட்டுமே.

இப்போது நீராவி. தெவிட்டிய நீராவி அழுத்தத்துக்கு வெப்பநிலையை 17.269-ஆல் பெருக்கி, வெப்பநிலையோடு 237.3 கூட்டிய தொகையால் வகுத்து, அதன் அடுக்குக்குறி மதிப்பை (எக்செல்லில் EXP) 610.5-ஆல் பெருக்குங்கள், விடை பாஸ்கலில் வரும். உறைநிலைக்குக் கீழே இந்த எண்கள் 21.875, 265.5 என்று மாறும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே 1169 பாஸ்கல், வெளியே 488 பாஸ்கல். அடுக்குகளின் நீராவித் தடையை அதே தடையுள்ள காற்றின் தடிமனாகச் சொல்வது வழக்கம்: பலகை 0.1 மீட்டர், கம்பளி 0.1 மீட்டர், செங்கல் 1 மீட்டர். அந்த விகிதத்தில் அழுத்தத்தைப் பங்கிட்டால் செங்கல்லின் உட்பரப்பில் சுமார் 1055 பாஸ்கல் இருக்க வேண்டும். ஆனால் 1.15 பாகையில் காற்று தாங்குவது 664 பாஸ்கல்தான். மிச்சம் நீராகிறது: சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கிராம்.

இதற்குக் கிளாசர் முறை என்று பெயர். ஐ.எஸ்.ஓ. 13788 தரநிலை இதையே மாதச் சராசரிகளைக் கொண்டு செய்கிறது. பலகைக்குப் பின்னால் 5 மீட்டர் தடையுள்ள நீராவித் தடுப்புப் படலம் வைத்துப் பாருங்கள். அதே இடத்தில் அழுத்தம் 600 பாஸ்கலுக்குச் சற்றுக் கீழே இறங்கி, நீர் கோப்பது நின்றுவிடும். இந்தத் தாளை அழிக்காதீர்கள். பின்னால் பைதான் விடையை இதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

படி 2: காலத்தைச் சேர்ப்பது

கிளாசருக்கு நினைவாற்றல் கிடையாது. செங்கல் நீரை உறிஞ்சும், தேக்கும், பகலில் திருப்பித் தரும். அந்த முறைக்கு இவை எதுவும் தெரியாது. ஆகவே சுவரை 5 மி.மீ. துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் வெப்பச் சமன்பாடு ஒன்று, நீர்ச் சமன்பாடு ஒன்று எழுத வேண்டும். நேரத்தை நீங்களே கையால் நகர்த்தும் எளிய வெளிப்படை முறையைத் தவிர்த்துவிடுங்கள். அடர்த்தி 50, தன்வெப்பம் 850 உள்ள கம்பளியில் 5 மி.மீ. துண்டுக்கு ஒரு படியில் 13 விநாடிக்கு மேல் தாவ முடியாது, தாவினால் விடை சிதறிவிடும்; 1 மி.மீ. என்றால் அரை விநாடி. ஓராண்டுக் கணக்கு முடிவதற்குள் பொறுமை போய்விடும். பைதானின் அறிவியல் கணக்கு நூலகமான சைபையில் உள்ள, காலப்படியைத் தானே தேர்ந்துகொள்ளும் பி.டி.எஃப். (BDF) தீர்வியிடம் ஒப்படைத்துவிடுவதே நல்லது.

படி 3: எல்லைக்கோடு

எல்லோரும் சறுக்கும் இடம் இது. சற்று நிதானமாகப் போவோம்.

ஈரம் எதனால் நகர்கிறது? ஒரு கன மீட்டரில் எத்தனை கிலோ நீர் இருக்கிறதோ அதன் வேறுபாட்டால் என்று எழுதத் தோன்றும். ஒரே பொருளுக்குள் அது தப்பித்துவிடும். இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தில் அபத்தமாகிவிடும். கான்கிரீட்டும் செங்கல்லும் ஒரே அறையில், 80 சதவீத ஈரப்பதத்தில், மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன என்று வையுங்கள். கான்கிரீட்டில் இருக்கும் நீர் செங்கல்லில் இருப்பதைப் போலப் பல மடங்கு. ஆனாலும் ஒரு துளிகூட நகராது, ஏனென்றால் இரண்டும் சமநிலையில் இருக்கின்றன. நீரின் அளவை உந்துவிசையாக வைத்த நிரலோ கான்கிரீட்டிலிருந்து செங்கல்லுக்கு வெள்ளமாகக் கொட்டும்.

ஆகவே சேமித்துவைப்பது நீரின் அளவாக இருக்கட்டும். ஓட்டத்தை மட்டும் நீராவி அழுத்தத்தைக் கொண்டு கணக்கிடுங்கள். திரவ நீரின் நுண்துளை ஓட்டத்துக்கு ஒப்பு ஈரப்பதத்தின் சரிவு உதவும். வெப்பநிலையையும் ஒப்பு ஈரப்பதத்தையும் அடிப்படையாக வைத்துச் சமன்பாடுகளை அமைத்தவர் ஹார்ட்விக் கியூன்செல். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்து வூஃபி மென்பொருள் அந்த வழியில்தான் வந்தது.

அடுத்தது, இரு துண்டுகளுக்கு இடையிலான தடை. ஊடுருவுதிறன்களைக் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். கம்பளியின் அரைத் துண்டு 0.0025 மீட்டர் தடை, செங்கல்லின் அரைத் துண்டு 0.025 மீட்டர், கூட்டினால் 0.0275. சராசரி எடுத்தால் 0.0091 ஆகிவிடும். சுவர் அந்த இடத்தில் மூன்று மடங்கு ஓட்டையாகிறது, எந்தப் பிழைச் செய்தியும் வராமல்! தடைகளைத்தான் கூட்ட வேண்டும். படலத்தையும் அப்படியே பாருங்கள்: அதற்கென்று ஒரு துண்டு ஒதுக்காமல், பலகைக்கும் கம்பளிக்கும் இடையிலான தடையோடு 5 மீட்டரைக் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது.

மூன்றாவது சிக்கல் தரவுகளில் ஒளிந்திருக்கிறது. பொருள்களின் ஈர உறிஞ்சல் வளைகோடு (எந்த ஈரப்பதத்தில் பொருள் எவ்வளவு நீரைத் தேக்கும் என்று காட்டுவது) பெரும்பாலும் 95 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். ஆய்வகத்தில் அதற்கு மேல் அளப்பது கடினம். அதை அப்படியே உள்ளிட்டால் ஈரப்பதம் 103, 110 என்று ஏறும். முழுதாக நனையும் அளவு வரை வளைகோட்டை மேல்நோக்கி நீட்டுங்கள். கம்பளிக்கும் இது வேண்டும்.

படி 4: உள்ளுறை வெப்பம்

ஒரு கிலோ நீராவி நீராகும்போது சுமார் 25 இலட்சம் ஜூல் வெளியாகிறது. நம் சுவரில் அது சதுர மீட்டருக்கு 1.2 வாட். மொத்த ஓட்டமே 7 வாட் என்னும்போது இதை விட்டுவிட முடியாது.

படி 5: சரிபார்த்தல்

முதலில் கணக்குப் புத்தகம்: உள்ளே வந்த நீர், வெளியே போன நீர், சுவரில் கூடிய நீர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பிறகு வெளிக்காற்றை மாற்றாமல், உறிஞ்சலையும் உள்ளுறை வெப்பத்தையும் அணைத்துவிட்டு நெடுநேரம் ஓட்டினால் எக்செல் தாளின் வெப்பநிலைகள் வர வேண்டும். கடைசியாக இ.என். 15026 தரநிலையின் சோதனை: 20 பாகை, 50 சதவீதத்தில் உள்ள மிகத் தடிமனான பொருளின் ஒரு முகத்தை திடீரென 30 பாகை, 95 சதவீதத்துக்கு மாற்றி, 7, 30, 365 நாள் கழித்து உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. அதில் தேறாத நிரலை நம்பி எவருக்கும் ஆலோசனை சொல்லாதீர்கள்.

படி 6: காற்று

இதுவரை காற்றுப் புகாத சுவர். உண்மையில் பலகை இணைப்புகளிலும் மின்பெட்டி ஓரங்களிலும் கசிவு இருக்கும். மணிக்கு ஒரு கன மீட்டர் அறைக்காற்று சதுர மீட்டர் சுவருக்குள் புகுந்து 1.15 பாகைக்குக் குளிர்ந்தால், நாளொன்றுக்குச் சுமார் 90 கிராம் நீரை விட்டுச்செல்லும். படலமே இல்லாத சுவரின் 40 கிராமைப் போல இரு மடங்கு! அருமையான படலம் ஒட்டி, விளிம்பை நாடாவால் மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்று இப்போது தெரிந்திருக்கும். நிரலில் இதைச் சேர்க்க எளிய வழி, அந்த 90 கிராமை நீர்வரவாகச் செங்கல்லின் உட்பரப்புத் துண்டில் நேரடியாகப் போடுவது. கட்டடம் முழுவதன் காற்றோட்டத்துக்குக் காண்டம் என்ற இலவச மென்பொருள் போதும்.

படி 7: பெரிய மென்பொருளுக்குத் தாவுதல்

தனிச் சுவருக்கு வூஃபி அல்லது டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டெல்ஃபின். என் ஓட்டு டெல்ஃபினுக்கு. உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் திறந்து காட்டுகிறது. முழுக் கட்டடத்துக்கு எனர்ஜிபிளஸ். ஆனால் அதன் இயல்பான அமைப்பு சுவருக்குள் ஈரத்தைக் கணக்கிடுவதே இல்லை. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஹாம்ட் (HAMT) என்ற தெரிவுக்கு மாற்றி, மணிக்கு 20 காலப்படிகளாவது கொடுங்கள்.

பிற்சேர்க்கை: குளிரூட்டிய அறைகளுக்கும் இதே படலம் சரிவருமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வராது. வெளியே 32 பாகை, 75 சதவீதம். உள்ளே 24 பாகை, 50 சதவீதம் என்று எக்செல் தாளில் மாற்றிப் பாருங்கள். நீராவி இப்போது வெளியிலிருந்து உள்ளே வருகிறது. படலத்தின் வெளிமுகத்தில் சுமார் 3200 பாஸ்கல் சேர்கிறது. அங்குள்ள வெப்பநிலையில் தாங்கக்கூடியது 3080. குளிர்காலத்தில் சுவரைக் காத்த படலமே இங்கே அதை நனைக்கிறது. படலத்தை எடுத்துவிட்டால் அதே இடத்தில் ஈரப்பதம் 54 சதவீதத்தில் நிற்கும். மழையில் நனைந்த செங்கல் மீது வெயில் அடித்தால் நிலைமை இன்னும் மோசம். அதைக் கணக்கிட மணிக்கொரு வானிலைத் தரவு வேண்டும். அதில் மழையும் வெயிலும் பெரும்பாலும் கிடைத்தளத்துக்கே தரப்பட்டிருக்கும். செங்குத்துச் சுவருக்கு, அது பார்க்கும் திசைக்கு ஏற்ப மாற்றிய பிறகே உள்ளிடுங்கள்.