ஷண்ட் இருப்பவருக்குக் காய்ச்சல், வாந்தி வந்தால்: வீட்டில் நடக்கும் தவறுகள்

மூளையில் நீர் கோர்த்து, அதைப் பெரும்பாலும் வயிற்றுக்குள் வடிக்கும் குழாயான ஷண்ட் வைத்துக்கொண்டவருக்கும் சளி பிடிக்கும், வயிற்றால் போகும், தலை வலிக்கும். பெரும்பாலும் எல்லோருக்கும் போலவே இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். ஆனால் ஷண்ட் அடைத்துக்கொண்டாலும் இதே தலைவலி, இதே வாந்தி, இதே சோர்வுதான். இரண்டையும் பிரித்துக் காட்டச் சில அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றை நாமே மருந்து கொடுத்து மறைத்துவிடுவதுதான் வீட்டில் நடக்கும் தவறுகளில் மோசமானது.

மீந்துபோன ஆன்டிபயாடிக்

காய்ச்சல் அடித்ததும் போன முறை வாங்கிய அமாக்சிசிலின் பாட்டிலைத் தேடாதீர்கள். ஷண்டில் கிருமித்தொற்று இருக்கிறதா என்று பார்க்க மூளைத் திரவத்தைச் சிறிது எடுத்து கல்ச்சருக்கு அனுப்புவார்கள். இரண்டு வேளை ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தால் போதும், கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். காய்ச்சலும் இறங்கும். குழாயின் சுவரில் படலமாக ஒட்டியிருக்கும் கிருமி மட்டும் அப்படியே இருக்கும், மருந்து நின்றதும் மறுபடி தலைகாட்டும்.

ஷண்ட் தொற்று பெரும்பாலும் அறுவையின்போது தோலில் இருக்கும் கிருமி உள்ளே போவதால் வருவது. அதனால் முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிடும். ஷண்ட் வைத்தோ மாற்றியோ 6 மாதம் ஆகாதவருக்குக் காரணம் புரியாத காய்ச்சல் வந்தால் தெருமுனை கிளினிக்குக்குப் போகாமல் நேராக நியூரோ சர்ஜரி பிரிவுக்குப் போங்கள். தையல் போட்ட இடம், காதுக்குப் பின்புறம், குழாய் இறங்கும் கழுத்து, நெஞ்சு எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு, வீக்கம், தொட்டால் வலி, நீர்க்கசிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் காய்ச்சல் எத்தனை டிகிரி என்பது இரண்டாம்பட்சம்.

சளிக்காய்ச்சலோ காதுவலியோ வந்தால் கிருமி ஷண்டுக்கு ஏறிவிடும் என்று நடுங்கவும் வேண்டாம். வயிற்றில் இறங்கும் குழாய்க்கு அந்தப் பயம் அநேகமாக இல்லை. டாக்டர் பார்த்து எழுதிய ஆன்டிபயாடிக்கை முழுதாகக் கொடுத்து முடிக்கலாம். குழாய் இதயத்தில் முடிகிறவர்கள் மட்டும் பல் பிடுங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும். ரத்தத்தில் கலக்கும் கிருமி நேராகக் குழாய்க்குப் போக அங்கே வழி இருக்கிறது.

தூக்கம் வரவைக்கும் சளி சிரப்

மெடிக்கலில் கேட்டு வாங்கும் சளி சிரப் பலவற்றில் குளோர்பெனிரமைன் இருக்கும். குடித்த குழந்தை தூங்கி வழியும். ஷண்ட் அடைப்பில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியதே இந்தத் தூக்கக் கலக்கம்தான். மருந்தால் தூங்குகிறதா, மூளையில் அழுத்தம் ஏறித் தூங்குகிறதா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. குளோர்பெனிரமைனும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாதென்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. மூக்கடைப்புக்கு உப்புநீர் சொட்டு மருந்து போதும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். எடைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். 3 மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் மருந்துக்கு முன் டாக்டர். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்று வையுங்கள். 5 மில்லியில் 120 உள்ள சிரப்பில் அது 6 மில்லி சொச்சம், 250 உள்ளதில் 3 மில்லி, 1 மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. பாட்டிலை மாற்றி வாங்கிவிட்டுப் பழைய அளவையே ஊற்றினால் அளவு இரட்டிப்பாகும், நான்கு மடங்காகக்கூட ஆகும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். வைரஸ் காய்ச்சலில் அது மூளை வீக்கத்தில் கொண்டுபோய் விடலாம்.

மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். சாதாரணக் காய்ச்சல் என்றால் சூடு இறங்கியதும் குழந்தை எழுந்து உட்காரும், பொம்மையைத் தேடும், தண்ணீர் கேட்கும். சூடு இறங்கியும் முகம் தெளியாமல், கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொண்டால், அதைக் காய்ச்சல் அசதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாந்தியை நிறுத்தும் அவசரம்

வாந்தியோடு வயிற்றுப்போக்கும் இருந்து, வீட்டில் இன்னொருவருக்கும் அதே இருந்தால் வயிற்றுக் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வயிற்றுப்போக்கே இல்லாமல் வாந்தி மட்டும், அதுவும் காலையில் எழுந்ததும் தலைவலியோடு வந்தால் ஷண்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த நிலையில் ஒண்டன்செட்ரான் கொடுத்து வாந்தியை அடக்கினால் ஒரு முக்கியமான தடயம் போய்விடும். டாக்டர் எழுதினாலும் ‘ஷண்ட் இருக்கிறது’ என்று சொன்ன பிறகே எழுதியதா என்று பாருங்கள்.

நம்மூரில் வாந்தி எடுக்கும் குழந்தையைத் தொக்கம் எடுக்கவும், குடல் ஏறிவிட்டதென்று வயிற்றை நீவவும், உரம் விழுந்ததென்று துணியில் போட்டு உருட்டவும் தூக்கிக்கொண்டு போவார்கள். வயிற்றுக்குள் குழாயின் முனை கிடக்கும் குழந்தைக்கு இதில் எதுவும் ஆகாது. அமுக்குவது ஒருபுறம் இருக்க, அதில் கழியும் அரை நாள்தான் பெரிய நஷ்டம்.

வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அரை பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறும். ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி வந்தால் 10 நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தலையில் நீர் இருப்பதால் தண்ணீர் குடித்தால் கூடிவிடும் என்று குறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரியவர்களுக்கு மூளைத் திரவம் நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் சுரந்துகொண்டே இருக்கும்; குடிக்கும் தண்ணீரைக் குறைத்து அதைக் குறைக்க முடியாது. உடம்பு வறண்டால் தலைவலிதான் மிஞ்சும். நிமிர்ந்தால் வலித்து, படுத்தால் தணியும் தலைவலி என்றால் திரவம் அதிகமாக வடிகிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

யாரும் கவனிக்காத மலச்சிக்கல்

காய்ச்சலில் படுத்து, சரியாகச் சாப்பிடாமல், நாலைந்து நாள் மலம் போகாமல் இருந்தால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். ஷண்ட் வேலை செய்வதே தலைக்கும் வயிற்றுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தால்தான். வயிற்றில் அழுத்தம் கூடினால் வடிவது குறையும், அடைப்பு போலவே தலைவலி வரும். மலம் போனதும் சரியானவர்கள் உண்டு. முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்தவர்களுக்கு இந்தத் தொல்லை வழக்கமானது, அவர்கள் மலமிளக்கும் மருந்தான லாக்டுலோஸை நோய் நாட்களில் விட்டுவிடக் கூடாது. அதற்காக எனிமா கொடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தலைவலியையும் வாந்தியையும் சேர்த்துத் தள்ளிப்போடாதீர்கள்.

வலிப்பு மாத்திரை

‘வாந்தி வருது, இன்னிக்கு மாத்திரை வேண்டாம்’ என்பது வலிப்பில் போய் முடியும். காய்ச்சலே வலிப்பைத் தூண்டும், அதோடு மாத்திரையும் நின்றால் கேட்கவே வேண்டாம். விழுங்கிய சிறிது நேரத்தில் மாத்திரை அப்படியே வெளியே வந்தால் மறுபடி கொடுக்க வேண்டுமா, எத்தனை நிமிடத்துக்குள் என்பதை நலமாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எடுத்தால் கார்பமசெபினின் அளவு ரத்தத்தில் ஏறித் தள்ளாட்டமும் வாந்தியும் வரும், அதையும் ஷண்ட் கோளாறு என்று நினைக்க நேரும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கும் வலிப்பைத் தூண்டக் கூடியது. எந்த டாக்டரிடம் போனாலும் வலிப்பு மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

காதுக்குப் பின்னால் இருக்கும் வால்வை அமுக்கிச் சோதிக்க வேண்டாம். மேலே எழும்பிவிட்டால் ஷண்ட் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. சி.டி. எடுத்து ‘நார்மல்’ என்று சொன்னாலும் பழைய படத்தோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள், சிலருக்கு அடைப்பு இருந்தும் மூளை அறைகள் பெரிதாவதில்லை. ஆகவே நன்றாக இருந்த காலத்து சி.டி. படம் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். போன முறை அடைத்தபோது என்ன அறிகுறி முதலில் வந்தது என்பதையும் சொல்லுங்கள், ஒரே ஆளுக்குப் பெரும்பாலும் அதேதான் திரும்ப வரும். ஷண்டுக்குப் பதில் மூளைக்குள் திரவம் வடிய எண்டோஸ்கோப்பில் துளை போட்டவர்களும் அசந்திருக்க முடியாது, வருடங்கள் கழித்தும் துளை மூடிக்கொள்ளலாம்.

எழுப்ப முடியாத தூக்கம், விடாத வாந்தி, வலிப்பு, கண்கள் கீழ்நோக்கியே நிற்பது, உச்சிக்குழி புடைப்பது, இவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழைத்து நியூரோ சர்ஜரி இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். வழியில் வாயில் பாலோ இட்லியோ கொடுக்காதீர்கள். அன்றே அறுவை தேவைப்படலாம், அரை மயக்கத்தில் இருப்பவருக்குப் புரையும் ஏறும். கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள், மயக்க மருத்துவர் அதைக் கட்டாயம் கேட்பார்.