குழி நிறையும், லொறி தேயும்: குப்பைக் கம்பனியின் கதையைப் படிப்பவர்கள் விடும் தவறுகள்

மட்டக்களப்பின் கல்லடியில் உயர்தர மாணவர்களுக்குக் கணக்கீடு படிப்பிப்பது என் தொழில். வருடத்தில் ஒரு தடவையாவது பழைய மாணவர் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். "சேர், குப்பை சேகரிக்கும் தொழில் தொடங்கப் போகிறேன்" என்பார். கையில் ஒரு மதிப்பீட்டுத் தாள் இருக்கும், வாயில் ஒரு கதை இருக்கும். அமெரிக்காவில் ஒருவர் ஒற்றை லொறியுடன் தொடங்கினாராம், இன்று அது 'வேஸ்ட் மனேஜ்மென்ட்' என்ற பென்னம்பெரிய கம்பனியாம்.

கதை பொய்யில்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடந்தான் பிழைக்கிறது.

எல்லோரும் முதலில் சறுக்குவது அந்த ஒற்றை லொறியில். 1893இல் ஹார்ம் ஹைசிங்கா என்ற டச்சுக் குடியேறி சிக்காகோவில் ஒரு வண்டிக் குப்பைக்கு ஒன்றேகால் டொலர் கூலி வாங்கி ஏற்றிச் சென்றார். அவருடைய பேரன் வெய்ன் 1960களில் புளோரிடாவில் அதே தொழிலில் இறங்கினார். அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்த டீன் பன்ட்ரொக், 1956இல் மாமனார் இறந்த பிறகு சிக்காகோ வியாபாரத்தைப் பொறுப்பேற்றார். 1968இல் இவர்கள் சேர்ந்து வேஸ்ட் மனேஜ்மென்டை உருவாக்கினார்கள். 1971இல் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். 1972 முடிவதற்குள் 133 சிறு கம்பனிகளை வாங்கிவிட்டார்கள். வீடு வீடாக வாடிக்கையாளர் பிடித்து வளர்ந்த கதை என்று இதைச் சொல்வது தவறு. பங்குப் பணத்தைக் கொண்டு, பிறர் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த தெருக்களை வாங்கிச் சேர்த்த கதை இது.

தெருக்களை ஏன் வாங்க வேண்டும்? காத்தான்குடியில் ஒரு டிராக்டரை ஒழுங்கைக்குள் விட்டுப் பாருங்கள். மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். சில நூறு யார் நகர்வதற்குள் பெட்டி நிறைந்துவிடும். அதே டிராக்டரைப் படுவான்கரைக்கு அனுப்பினால் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் வயல்வெளி கிடக்கும், டீசல் முழுவதும் அந்த வெளியிலேயே எரியும். அயல் தெருவை வைத்திருப்பவரை வாங்கினால் ஒரே லொறி ஒரே சுற்றில் இரட்டிப்பு வீடுகளைப் பார்க்கும். பெரிய கம்பனியின் இலாபம் அந்த நெருக்கத்தில் பிறந்தது. எங்கள் பிள்ளைகளின் தாளிலோ இரண்டு ஊருக்கும் 'வீட்டுக்கு இவ்வளவு' என்று ஒரே தொகை எழுதியிருக்கும்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. குப்பைத் தொழில் என்றால் லொறி என்று நினைப்பது. அது குப்பையைக் கொட்டிப் புதைக்கும் குழியின் தொழில். அமெரிக்காவில் 1976இல் கழிவுச் சட்டம் வந்தது. 1991இன் விதிகள் குப்பை நிரப்பும் குழியின் அடியில் நீர் கசியாத விரிப்பும், கழிவுநீரைச் சேகரிக்கும் குழாய்களும் வேண்டும் என்றன. சிறிய ஊர்களால் அந்தச் செலவைத் தாங்க முடியவில்லை. 1988இல் அந்த நாட்டில் ஏறத்தாழ 8,000 குழிகள் இருந்தன. 2000களின் தொடக்கத்தில் அவை 2,000க்கும் கீழே போய்விட்டன. மிஞ்சிய பெரிய குழிகளை யார் வைத்திருந்தார்களோ அவர்களிடம் போட்டிக் கம்பனியும் காசு கொடுத்துத்தான் கொட்ட வேண்டியிருந்தது. சட்டம் இறுகினால் தொழில் நொடிக்கும் என்று பயப்படுபவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

குழியை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாங்கள் சிக்காகோ வரை போகத் தேவையில்லை. திருப்பெருந்துறைக் குப்பைமேடு தீப்பற்றிப் புகைந்ததை மட்டக்களப்பு மறக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் திறந்தவெளியில் கொட்டிய குப்பைக்கு யானைகள் வந்தன. பிளாஸ்டிக்கையும் பொலித்தீனையும் தின்று எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. கொழும்பின் மீதொட்டமுல்லவில் 2017 சித்திரைப் புத்தாண்டன்று மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இந்த மூன்று இடங்களுக்கும் லொறிகள் ஒழுங்காகத்தான் போய்வந்துகொண்டிருந்தன.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். வகுப்பில் 'பெறுமானத் தேய்வு', அதாவது வாங்கிய பொருள் வருடாவருடம் இழக்கும் பெறுமதியைச் செலவாக எழுதுவது, என்றதும் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். கொட்டாவி விடுபவர்களுக்காகவே நான் வைத்திருக்கும் கதை இது.

80 இலட்சம் ரூபாய்க்கு ஒரு லொறி வாங்குகிறோம். எட்டு வருடம் உழைக்கும், கடைசியில் ஒன்றுக்கும் உதவாது என்று வைத்தால் வருடத்துக்கு 10 இலட்சம் தேய்வு. இப்போது பேனையை மட்டும் அசைப்போம். பன்னிரண்டு வருடம் ஓடும், பிறகு 20 இலட்சத்துக்கு விற்கலாம் என்று எழுதினால் 60 இலட்சத்தைப் பன்னிரண்டால் பிரிக்க வேண்டும். தேய்வு 5 இலட்சம். ஒரு கிலோ குப்பைகூட அதிகம் அள்ளாமல், வருடத்துக்கு 5 இலட்சம் இலாபம் கூடிவிட்டது.

வேஸ்ட் மனேஜ்மென்டின் தலைமை செய்தவற்றில் இதுவும் ஒன்று என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமெரிக்கப் பிணையங்கள் ஆணைக்குழு 2002இல் வழக்குத் தொடுத்தது. லொறிகளின் ஆயுளை நீட்டியிருந்தார்கள், ஆதாரமில்லாத விற்பனைப் பெறுமதிகளைப் போட்டிருந்தார்கள். குழிகள் நிறைய நிறைய அவற்றின் பெறுமதி குறைவதையும் பதியாமல் விட்டிருந்தார்கள். 1997இல் வந்த புதிய தலைமை ஏடுகளைத் திறந்து பார்த்தது. 1992 முதல் 1997 வரையான இலாபத்தில் 1.7 பில்லியன் டொலர் மிகை என்று 1998இல் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. கம்பனியின் கணக்காய்வு நிறுவனமான ஆர்தர் அண்டர்சன் 2001இல் 7 மில்லியன் டொலர் தண்டம் கட்டியது. இன்னொன்றையும் கவனியுங்கள். பங்குச் சந்தைக்கு வந்த நாளிலிருந்து 1997 வரை அந்தக் கம்பனியின் நிதித் தலைவர்கள் அத்தனை பேரும் முன்னர் அதே அண்டர்சனில் கணக்காய்வாளராக இருந்தவர்கள். எங்கள் ஊர்ச் சங்கங்களில் பொருளாளரின் கணக்கை அவருடைய மச்சான் பார்ப்பதைப் போல.

இதைக் கேட்டுச் சிரிக்கும் நாங்கள் என்ன செய்கிறோம்? "டிராக்டர் உதவியாகக் கிடைக்கும், ஆகவே செலவு பூச்சியம்" என்று போன வருடம் ஒருவர் எழுதிக்கொண்டுவந்தார். இலவசமாக வந்த டிராக்டரும் கடற்கரை உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். ஆறு வருடம் கழித்து இன்னொன்று வாங்கும் காசை யார் எடுத்துவைத்தார்? வேண்டுமென்றே மறைப்பதும் மறந்துபோவதும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் ஏடு ஒரே பொய்யைத்தான் சொல்லும்.

கம்பனி அறுபடாமல் வளர்ந்தது என்பதும் தவறு. வெய்ன் 1984இலேயே விலகிவிட்டார். கணக்கு மோசடி வெளிப்பட்ட 1998இல், தன்னைவிடச் சிறிய 'யூஎஸ்ஏ வேஸ்ட்' என்ற போட்டிக் கம்பனியின் கைக்கு அது போனது. பழைய பெயர் மட்டும் நிலைத்தது, தலைமையகம் ஹூஸ்டனுக்கு மாறியது. வாங்கும் பழக்கம் மட்டும் விடவில்லை. 2024இல் மருத்துவக் கழிவு அகற்றும் ஸ்டெரிசைக்கிளை 7.2 பில்லியன் டொலருக்கு வாங்கினார்கள்.

மீள்சுழற்சி வருமானத்தை நம்பிக் கடன் எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018இல் சீனா பிறநாட்டுக் கழிவுத் தாளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் கதவை அடைத்ததும் அமெரிக்கப் பெரிய கம்பனிகளுக்கே விலை சரிந்தது. எங்கள் நிலைமை வேறு. போத்தலையும் இரும்பையும் பழைய சாமான் வியாபாரி படலையிலேயே வாங்கிப் போய்விடுவார். எங்கள் பெட்டியில் பாதிக்கு மேல் ஈரக் கழிவுதான்: மீன் செதில், மரக்கறித் தோல், கோம்பை. அதைப் பசளையாக்கலாம், நல்ல யோசனை. ஆனால் மாரி மழையில் கூரையில்லாத குவியல் உக்காது, அழுகும். கூரைச் செலவையும் நான் பார்த்த எந்தத் தாளிலும் காணவில்லை.

கடைசியாக வந்த மாணவரின் தாளில் லொறி, சாரதி, டீசல், தேய்வு எல்லாம் இருந்தன. குழி நிறைந்த பிறகு என்ன என்று கேட்டேன். "மூடிவிடுவோம் சேர்" என்றார். மூடிய குழியை அதற்குப் பிறகும் முப்பது வருடம் கண்காணிக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது என்றேன். அவருக்கு வயது இருபத்தாறு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த வரிசைக்கு என்ன தொகை எழுதுவது என்று கேட்டார்.

"முதலில் வரிசையைப் போடு தம்பி. தொகையைப் பிறகு பார்ப்போம்."