டியூக் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் பழைய ஆட்டங்களை ஜோடி ஜோடியாகப் பார்ப்பது எப்படி?

என் அக்கா மகன் மேல்படிப்புக்காக வட கரோலினாவின் டர்ஹாம் ஊருக்கு வந்து இறங்கிய மூன்றாவது வாரம் போன் செய்தான். "சித்தி, இங்கே எல்லாரும் தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றிரண்டு என்று பேசுகிறார்கள். என்ன அது?"

நான் பக்கத்து ஊரான கேரியில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். பள்ளி நாளில் சிமெண்ட் தரையில் பாயிண்ட் கார்டாக (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஆடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டவள். ஒரு லிங்க் அனுப்பியிருந்தால் முப்பது நொடியில் அவன் சந்தேகம் தீர்ந்திருக்கும். நான் அனுப்பவில்லை. எனக்கு அப்படித்தான் கெட்டுப்போனது. ஒவ்வொரு மார்ச் மாதமும், கல்லூரிகளின் தேசியப் போட்டி நடக்கும்போது, 1992ன் அந்த ஒரு ஷாட்டை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதை நூறு முறை பார்த்துவிட்டேன். சாம்பாரைத் தொடாமல் தாளிப்பை மட்டும் தின்ற மாதிரி.

அதனால் அவனுக்கு வேறு வழி சொன்னேன்.

முதலில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்குங்கள். விரித்து வைத்தால் இடது பக்கம் தோல்வி, வலது பக்கம் வெற்றி. டியூக்கின் பெரிய வெற்றிகள் பலவற்றுக்கு முன்னால் அதே கணக்கில் ஒரு தோல்வி இருக்கிறது. அதைப் பார்க்காமல் வெற்றியை மட்டும் பார்த்தால், அணியின் அப்போதைய பயிற்சியாளர் மைக் ஷெஷெவ்ஸ்கி (பெயரைச் சொல்ல வாய் வராமல்தான் ஊரே 'கோச் கே' என்கிறது) ஏதோ அதிர்ஷ்டக்காரர் என்று தோன்றும்.

நோட்டு இன்னொரு காரணத்துக்கும் தேவை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திரை மூலையில் ஸ்கோர் எப்போதும் நிற்காது. அவ்வப்போது வந்து போகும். நீங்களே எழுதிக்கொண்டு வந்தால்தான் கடைசி ஐந்து நிமிடம் புரியும். நான் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கோரையும், இரண்டு பக்கமும் யாருக்கு எத்தனை ஃபவுல் என்பதையும் குறிப்பேன். வேறு எதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் எழுதப் போனால் ஆட்டத்தை விட்டுவிடுவீர்கள்.

அமெரிக்கத் தொழில்முறை ஆட்டமான என்பிஏ பார்த்துப் பழகியவர்களுக்குச் சில விதிகள் இடிக்கும். கல்லூரி ஆட்டம் இருபது நிமிடமாக இரண்டு பாதி. ஐந்தாவது ஃபவுலில் வெளியே, ஆறாவது கிடையாது. ஒரு பாதியில் எதிரணி ஏழாவது ஃபவுல் செய்துவிட்டால், முதல் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் வீசும் ஷாட்) விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். தோற்கும் அணி கடைசியில் வேண்டுமென்றே ஃபவுல் செய்வது அந்தச் சூதாட்டத்துக்காகத்தான். ஷாட் க்ளாக், அதாவது ஒரு அணி ஷாட் எடுக்க வேண்டிய நேரம், 1993 வரை 45 நொடி, அப்புறம் 35, 2015 முதல் 30. பழைய ஆட்டம் மெதுவாகத் தெரிந்தால் கோளாறு உங்கள் இன்டர்நெட்டில் இல்லை.

முதல் ஜோடி 1990, 1991. இடது பக்கம்: 1990 ஏப்ரல் 2, டென்வர், இறுதிப் போட்டி. நெவாடா லாஸ் வேகஸ் 103, டியூக் 73. இறுதிப் போட்டியில் முப்பது புள்ளி வித்தியாசம்! முழுதாகப் பார்க்க வேண்டாம், முதல் பாதி போதும். பாபி ஹர்லியை மட்டும் கவனியுங்கள். முதலாண்டு மாணவர், வயிற்றுக் கோளாறோடு ஆடுகிறார், பந்தைக் கொண்டுவரவே திணறுகிறார். அந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு மறுநாள் வலது பக்கத்துக்கு வாருங்கள்: 1991 மார்ச் 30, இண்டியானாபொலிஸ், அரையிறுதி. அதே எதிரணி, தொடர்ந்து 45 ஆட்டம் வென்று வந்திருக்கிறது.

சுமார் இரண்டரை நிமிடம் இருக்கும்போது 76–71 என்று டியூக் பின்தங்கியிருக்கிறது. அங்கே நிறுத்துங்கள். ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். எதிரணியின் பந்தைக் கட்டுப்படுத்தும் கிரெக் ஆந்தனி ஏற்கெனவே ஐந்தாவது ஃபவுலில் வெளியேறிவிட்டார் என்று உங்கள் நோட்டு சொல்லும். அடுத்து ஹர்லி, போன வருடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடிய அதே பையன், யோசிக்காமல் தூரத்திலிருந்து ஒரு த்ரீ-பாயிண்டர் போடுகிறார். அதற்குப் பிறகு லாஸ் வேகஸ் 45 நொடிக்குள் ஷாட் எடுக்க முடியாமல் பந்தைப் பறிகொடுக்கிறது. கடைசியில் 12.7 நொடி இருக்க, டியூக்கின் கிறிஸ்டியன் லேட்னர் போட்ட இரண்டு ஃப்ரீ த்ரோ. 79–77, டியூக். ஹர்லியின் அந்த ஷாட்தான் டியூக் வரலாற்றிலேயே முக்கியமானது என்பது என் கட்சி. இந்த ஊரில் பாதிப் பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். போகட்டும்.

சரி, இப்போது தொண்ணூற்றிரண்டு. இதற்கு ஒரு முழுச் சனிக்கிழமை ஒதுக்குங்கள்.

இடது பக்கத்தில் பலர் எதையும் எழுத மாட்டார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் வேக் ஃபாரஸ்ட் அணியிடம் டியூக் 72–68 என்று தோற்றது. கடைசி நொடிகளில் டியூக்கின் கிராண்ட் ஹில் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீளமாக ஒரு பாஸ் வீசுகிறார். பந்து காற்றில் வளைந்து பக்கவாட்டுக்குப் போக, அதைப் பிடிக்கப் போன லேட்னர் கோட்டுக்கு வெளியே போய்விடுகிறார். முழு ஆட்டம் கிடைக்காவிட்டால் அந்த ஒரு பாஸை மட்டுமாவது தேடிப் பாருங்கள்.

அடுத்தது மார்ச் 28, ஃபிலடெல்ஃபியா, எதிரணி கென்டக்கி. இதன் முழு ஆட்டமும் யூடியூபில் கிடைக்கிறது. முதல் நிமிடத்திலிருந்து பாருங்கள், ஆனால் டியூக்கை விட்டுவிட்டுக் கென்டக்கியைப் பாருங்கள். விதிமீறலுக்காக இரண்டு வருடம் தேசியப் போட்டியில் ஆடத் தடை பெற்ற அணி அது. மற்றவர்கள் வேறு கல்லூரி தேடிப் போனபோது போகாமல் தங்கிய நான்கு பேர் இறுதியாண்டில் இருக்கிறார்கள். என் அலுவலகத்தில் கென்டக்கிக்காரர் ஒருவர் உண்டு. அந்த ஷாட் டிவியில் வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். முப்பது வருடத்துக்கு மேலாகத் தாகம் தீரவில்லை.

இரண்டாம் பாதியில் ஓரிடத்தில் பந்தைக் கவனிக்காமல் லேட்னரின் காலைக் கவனியுங்கள். கீழே விழுந்துகிடக்கும் கென்டக்கி வீரர் அமினு டிம்பர்லேக்கின் நெஞ்சில் மிதிக்கிறார். டெக்னிக்கல் ஃபவுலோடு விட்டுவிட்டார்கள், வெளியேற்றவில்லை. இதை ரசிகர் என்ற முறையில் நான் பூசி மெழுகப் போவதில்லை. நோட்டில் எழுதுங்கள்.

முழு நேரம் 93–93. ஓவர்டைமின் (சமநிலையை உடைக்கத் தரும் கூடுதல் நேரம்) கடைசி அரை நிமிடத்தில் மட்டும் முன்னிலை ஐந்து முறை கை மாறுகிறது. எழுதுவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஷான் வுட்ஸ் ஓடிவந்து வளையத்துக்குப் பின்னாலிருக்கும் பலகையான பேக்போர்டில் பட்டு விழும்படி ஒரு ஷாட் போடுகிறார், கென்டக்கி 103–102. டியூக் உடனே டைம்-அவுட் கேட்கிறது. அந்த 'உடனே'வைக் கவனியுங்கள். கடைசி நிமிடத்தில் கூடை விழுந்தால் கடிகாரம் தானே நிற்கும் விதி அடுத்த சில வருடங்களில்தான் வந்தது. அன்று யாராவது அரை நொடி வாய்பிளந்து நின்றிருந்தால் மிச்சமிருந்த 2.1 நொடியும் கரைந்திருக்கும்.

இப்போது படத்தை நிறுத்தி, இரண்டு விஷயத்தைத் தேடுங்கள். பாஸ் வீசப்போகும் ஹில்லுக்கு எதிரே யாருமே இல்லை. கென்டக்கி கோச் ரிக் பிட்டீனோ அங்கே ஆள் நிறுத்தவில்லை. மறுமுனையில் ஜான் பெல்ஃப்ரியும் டெரான் ஃபெல்ட்ஹாஸும் லேட்னருக்குப் பின்னால் நிற்கிறார்கள், முன்னால் ஒருவரும் இல்லை. ஃபவுல் செய்யவும் கை வராது, ஏனென்றால் லேட்னர் அன்று ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. ஹில் சுமார் 75 அடி தூரம் வீசுகிறார். இந்த முறை பந்து வளையவில்லை. லேட்னர் பிடிக்கிறார், ஒரு பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி பந்தைத் தரையில் ஒருமுறை தட்டி ஒரே ஒரு டிரிப்பிள் வைக்கிறார், மறுபக்கம் திரும்பிப் போடுகிறார். 2.1 நொடியில் டிரிப்பிள் வைக்க நேரம் இருக்கிறது என்று நம்பினார் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். 104–103. களத்திலிருந்து பத்துக்குப் பத்து, ஃப்ரீ த்ரோவும் பத்துக்குப் பத்து.

உடனே அணைத்துவிடாதீர்கள். சில நாள் கழித்து, கென்டக்கி அந்த நான்கு இறுதியாண்டுக்காரர்களின் ஜெர்சியைத் தன் அரங்கக் கூரையில் ஏற்றியது. தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு! டியூக் அந்த வருடம் கோப்பையை வென்றது, இறுதியில் மிச்சிகனை 71–51 என்று அடித்தது. அதைப் பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை.

2001ஐ நோட்டைத் தலைகீழாகப் பிடித்து, மேரிலாந்து ரசிகராக மாறிப் பாருங்கள். ஜனவரி 27, சொந்த அரங்கில், ஒரு நிமிடம் இருக்கும்போது பத்துப் புள்ளி முன்னிலை. டியூக்கின் ஜே வில்லியம்ஸ் 14 நொடியில் எட்டுப் புள்ளி எடுக்க, ஓவர்டைமில் டியூக் 98–96. பிறகு மார்ச் 31, தேசிய அரையிறுதி. மேரிலாந்து 22 புள்ளி முன்னிலை எடுக்கிறது. எடுத்த உடனே அவர்கள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடுங்கள், எனக்குத் தெரிந்தது பயம்தான். 95–84, டியூக்.

2010 இறுதிக்கு ஜோடி கிடையாது. கடைசி 3.6 நொடி போதும். பிரையன் ஸூபெக் இரண்டாவது ஃப்ரீ த்ரோவை வேண்டுமென்றே தவறவிடுகிறார். பட்லர் அணியின் கார்டன் ஹேவர்ட் பாதி மைதானத்திலிருந்து வீசிய பந்து பேக்போர்டிலும் வளையத்திலும் பட்டு வெளியே விழுகிறது. 61–59. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள், நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்கும்.

நோட்டின் முதல் பக்கத்தில் மட்டும் ஒரு எண்ணை எழுதி வையுங்கள்: 109–66. 1983 மார்ச்சில் வர்ஜீனியாவிடம் டியூக் வாங்கிய அடி. அன்றிரவு ஒரு உணவகத்தில், இதை மறப்போம் என்று ஒருவர் தண்ணீர்க் கோப்பையைத் தூக்க, கோச் கே இந்த இரவை மறக்கவே கூடாது என்றாராம். அடுத்த பருவத்தின் முதல் பயிற்சியில் ஸ்கோர்போர்டில் அந்த எண்தான் எரிந்தது. ஜோடி கட்டிப் பார்க்கும் யோசனையே எனக்கு இதிலிருந்து வந்ததுதான்.

கடைசி ஜோடியை அக்கா மகனும் நானும் சேர்ந்து பார்த்தோம். 2022 மார்ச் 5, கேமரன் அரங்கம், 42 வருடம் பயிற்சி கொடுத்தவருக்குச் சொந்த மண்ணில் கடைசி ஆட்டம். எதிரே பத்து மைல் தொலைவிலிருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகம். பழைய வீரர்கள் வந்து வரிசையாக உட்கார்ந்திருக்க, 94–81 என்று தோல்வி. சரி, வலது பக்கம் என்று பக்கத்தைக் காட்டினான். ஏப்ரல் 2, நியூ ஆர்லியன்ஸ், தேசியப் போட்டியில் இவ்விரு அணிகளும் மோதிய முதல் ஆட்டம். வட கரோலினாவின் கேலப் லவ் கடைசி அரை நிமிடத்தில் ஒரு த்ரீ-பாயிண்டர் போட்டார். 81–77, மறுபடியும் தோல்வி. அதோடு கோச் கே ஓய்வு.

"சித்தி, இதை எந்தப் பக்கம் எழுதுவது?" என்றான். இடது பக்கத்திலேயே, மேலே எழுதியதற்குக் கீழே இடமிருந்தது. அங்கே எழுதச் சொன்னேன்.